பழனியில கிளம்பி கிட்டாருக்குப் போன தாளம்

பொட்டி தட்டுற வேலைக்கு நடுவுல கிடைக்கிற நேரத்துல கிட்டார் கத்துக்கிற கோஷ்டி ஒண்ணு கோயமுத்தூர்ல எப்பவும் உண்டு. அடியேனும் அதுல ஒருத்தன். இந்தக் கோஷ்டியில யார்கிட்ட வேணா பேசிப் பாருங்க. கார்டு, ஸ்கேல் எல்லாம் ஒரு வழியா கைக்கு வந்தப்புறம் எல்லாரும் வந்து முட்டிக்கிட்டு நிக்கிற சுவரு ஒண்ணுதானுங்க. தாளம். அதுவும் சாதா ஒண்ணு-ரெண்டு-மூணு-நாலு இல்ல, 'அட்வான்ஸ்டு ரிதம்'. பாலிரிதம், ஆட் மீட்டர், குவின்டுப்லெட், டிஸ்பிளேஸ்மென்ட்டுன்னு வாயில நுழையாத பேரா அடுக்குவாங்க.

இந்தச் சங்கதி எல்லாம் கிட்டாருக்கு எப்படி வந்துச்சுன்னு தேடினா, ஒரே வழி இல்ல. ஆப்பிரிக்க முரசுகள் வழியா ஜாஸுக்கு வந்தது ஒரு வழி. ஸ்ட்ராவின்ஸ்கி, பார்டோக் மாதிரி ஐரோப்பியக்காரங்க எழுதினது இன்னொரு வழி. மூணாவதா ஒரு வழி இருக்கு. அதைப் பிடிச்சுப் பின்னாடியே நடந்தா அமெரிக்கா, சென்னை எல்லாம் தாண்டி, பொள்ளாச்சி உடுமலை ரோட்டுல போய், பழனியில கொண்டு விடுது. அங்கிருந்து புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போகுது. அந்த மூணாவது வழியோட கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

முதல்ல கணக்கு

வரலாற்றுக்குள்ள போறதுக்கு முன்னாடி சரக்கு என்னன்னு பாத்துடலாம். கர்நாடக சங்கீதம் கேட்காதவங்களும் பயப்பட வேண்டாம், ஆறாங்கிளாஸ் கணக்குதான்.

ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். ஒரு தட்டு, மூணு விரல், அப்புறம் தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. ஒவ்வொரு அட்சரத்தையும் நாலா வெட்டினா சதுஸ்ர நடை. மூணா வெட்டினா திஸ்ரம், அஞ்சுன்னா கண்டம், ஏழுன்னா மிஸ்ரம், ஒன்பதுன்னா சங்கீர்ணம். மேல சொன்ன குவின்டுப்லெட் வேற ஒண்ணுமில்ல, நம்ம கண்ட நடைதான்.

இந்த எண்களை யாரும் எண்ணிக்கிட்டு உக்கார்றதில்ல, சொல்லா சொல்லுவாங்க. மூணுக்கு தகிட. நாலுக்கு தகதிமி. அஞ்சுக்கு தகதகிட. ஏழுக்கு தகிடதகதிமி. ஒன்பதுக்கு தகதிமிதகதகிட. இதுதான் சொற்கட்டு. இதையே கச்சேரியில வாயால ஒரு வாத்தியம் மாதிரி வாசிச்சா கொன்னக்கோல். எண்ணா இருந்தா மூளை வேலை செய்யணும். சொல்லா மாறிட்டா நாக்கே பாத்துக்கும். நம்ம பாஷையில சொன்னா ஒரு ஃபங்ஷன் எழுதி வச்சுட்டு, வேணுங்கிறப்ப பேரைச் சொல்லிக் கூப்பிடுற மாதிரி.

இப்ப டிஸ்பிளேஸ்மென்ட்டுக்கு வருவோம். ஆதி தாளம், சதுஸ்ர நடை. 8 பெருக்கல் 4, மொத்தம் 32 மாத்திரை. இதுக்கு மேல தகிட தகிடன்னு மூணு மூணா அழுத்தம் வச்சுக்கிட்டே போங்க. 32 மூணால வகுபடாது, ரெண்டு மிஞ்சும். அதனால அழுத்தம் தாளத்து மேல நழுவிக்கிட்டே போகும். சரியா மூணு ஆவர்த்தனம், 96 மாத்திரை கழிச்சுத்தான் அழுத்தமும் சமமும் (அதாவது தாளத்தோட முதல் தட்டு) மறுபடி சந்திக்கும். அஞ்சு அஞ்சா போனா அஞ்சு ஆவர்த்தனம் ஆகும். எல்லாம் மீ.சி.ம. சமாச்சாரம்.

கிட்டார்ல இது ஏன் கஷ்டம்? பிக் வச்சு கீழ-மேல, கீழ-மேலன்னு மாத்தி மாத்தி அடிக்கிறோம். நாலு நாலா போனா ஒவ்வொரு அழுத்தமும் டவுன் ஸ்ட்ரோக்ல விழும், கை சுகமா இருக்கும். தகிட போட்டீங்கன்னா முதல் அழுத்தம் கீழ, அடுத்தது மேல, திரும்பக் கீழ. அஞ்சு, ஏழு, ஒன்பது எல்லாத்துக்கும் இதே கதி. அப் ஸ்ட்ரோக்ல பலமா அழுத்தம் கொடுக்கிறது பழகாத கைக்குத் தண்டனை. போதாக்குறைக்கு ரெண்டு கையும் வாத்தியத்துல இருக்கு, தாளம் போடக் கை கிடையாது. காலைத் தட்டலாம்தான். ஆனா கால் தட்டுனா அட்சரம் தெரியுமே ஒழிய, எட்டுல எத்தனாவது அட்சரம்னு தெரியாது. அதனாலதான் வாத்தியத்தைக் கீழ வச்சுட்டு, கையில தாளம் போட்டு, வாயில சொல்லி முடிச்சுட்டு, அப்புறம் கிட்டாரை எடுன்னு சொல்றாங்க. இந்த முறையை உண்டாக்கினது கிட்டார்காரங்க இல்ல.

புதுக்கோட்டையும் பழனியும்

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில புதுக்கோட்டையில மான்பூண்டியா பிள்ளைன்னு ஒருத்தர். விளக்கேத்துற வேலையில இருந்தவர்னு சொல்லுவாங்க. மாரியப்பத் தவில்காரர்கிட்ட லயம் கத்துக்கிட்டார். அதுவரைக்கும் பஜனையிலயும் தெருவுலயும் கிடந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டாந்தவர் இவர்தான். உடும்புத்தோல் போட்ட, உள்ளங்கையில அடங்குற வாத்தியம் அது. அதுல தவிலோட கணக்கை எல்லாம் ஏத்தினார். கணக்குக்குப் பேர் போன புதுக்கோட்டை பாணிக்கு இவர்தான் மூலவர்.

அவரோட சிஷ்யர்கள்ல ஒருத்தர் பழனி முத்தையா பிள்ளை. முத்தையா பிள்ளையோட மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962). பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை, ராமநாதபுரம் முருகபூபதி, இவங்க மூணு பேரையும் மிருதங்க மும்மூர்த்திகள்னு சொல்றது வழக்கம். நம்ம கோயமுத்தூர்க்காரங்க கவனிக்க வேண்டியது என்னன்னா, மேற்கே அம்பது கிலோமீட்டர்ல பாலக்காடு, தென்கிழக்கே நூறு கிலோமீட்டர் சொச்சத்துல பழனி. மும்மூர்த்திகள்ல ரெண்டு பேரோட ஊர் நமக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. அதுலயும் பழனி நமக்கு அசலூர் இல்ல. பழைய கொங்கு 24 நாடுகள்ல வையாபுரி நாடுன்னு ஒண்ணு வரும் பாருங்க, அது பழனி வட்டாரம்தான்.

பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். கச்சேரி மேடையில மிருதங்கக்காரர் பாடகருக்கு வலது பக்கம் உக்காருவார், வலந்தலை சபையைப் பாத்து இருக்கும். இடது கைக்காரர் அங்க உக்காந்தா வலந்தலை அந்தப் பக்கம் திரும்பிக்கும். அப்ப அவர் இந்தப் பக்கம் வரணும், வயலின்காரர் இடம் மாறணும். மாற மாட்டேன்னு வயலின்காரங்க மறுத்திருக்காங்க. அதனாலயே அவருக்குக் கச்சேரி கிடைக்காத காலம் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் பிடிவாதமா நின்னு அவரை மேடையேத்தினார். வலது கை கிட்டாரைத் தலைகீழாத் திருப்பிப் பிடிச்சு உலகத்தை ஆட்டி வச்ச ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு இந்தத் தொல்லை இல்ல, அவர் பக்கத்துல யாரும் சம்மணம் போட்டு உக்காரல :-)

கடல் தாண்டின சொல்லு

1962-ல் பழனி சுப்பிரமணிய பிள்ளை காலமானார். அடுத்த வருஷமே, 1963-ல், அவரோட சிஷ்யர் தஞ்சாவூர் ரங்கநாதன் அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல மிருதங்கம் சொல்லித் தரப் போய்ச் சேர்ந்தார். நாட்டிய மேதை பாலசரஸ்வதியோட தம்பி இவர். இவர்கிட்ட மிருதங்கம் படிச்ச ராபர்ட் பிரவுன் 1965-ல் மிருதங்கத்தைப் பத்தியே ஆராய்ச்சி செஞ்சு முனைவர் பட்டம் வாங்கினார். 'வேர்ல்ட் மியூசிக்'ங்கிற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டாந்தவர்னு சொல்லப்படுறவரும் இந்த பிரவுன்தான். ரங்கநாதனோட இன்னொரு மாணவர் டேவிட் நெல்சன். அவரோட சொற்கட்டுப் பாடப் புத்தகம் 2008-ல் வந்துச்சு.

பழனியோட இன்னொரு சிஷ்யர் திருச்சி சங்கரன். 1971-ல் கனடாவுல டொரன்டோ யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். தென்னிந்திய லயத்தைப் பத்தி அவர் ஆங்கிலத்துல எழுதின புத்தகம் 1994-ல் வெளியாச்சு. 2011-ல் சங்கீத கலாநிதி பட்டமும் வாங்கினார்.

இதை ஒருதரம் சேத்து வச்சுப் பாருங்க. நம்ம லயக் கணக்கை வெளிநாட்டுல உக்காந்து ஆங்கிலத்துல படிக்கிற ஒருத்தர் கையில எடுக்கிற முக்கியமான புத்தகங்கள்ல ரெண்டு, ஒரே வீட்டு வாசல்ல இருந்து புறப்பட்டது. வயலின்காரங்க பக்கத்துல உக்கார மறுத்த அந்த இடது கைக்காரரோட வீட்டு வாசல்.

1975, ஒரு யார்க்‌ஷயர்காரர்

ஜான் மக்லாஃப்ளின் இங்கிலாந்துல யார்க்‌ஷயர் டான்காஸ்டர்ல 1942-ல் பிறந்தவர். (திருச்சி சங்கரன், கடம் விக்கு விநாயக்ராம், மேல சொன்ன ஹென்ட்ரிக்ஸ் எல்லாருமே 1942-தான். அந்த வருஷத்துல என்னவோ இருந்திருக்கு.) 1969-ல் அமெரிக்கா போய் மைல்ஸ் டேவிஸோட ஆல்பங்கள்ல வாசிச்சார். 1971-ல் மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா தொடங்கினார். அதிலயே விசித்திரமான தாளங்கள் நிறைய உண்டு, காதைப் பிளக்குற மின்சார கிட்டார்ல.

புகழ் உச்சியில இருக்கிறப்பவே வெஸ்லியனுக்குப் போய் டாக்டர் எஸ். ராமநாதன்கிட்ட வீணை கத்துக்கிட்டார். ரங்கநாதன் போய் வாசலைத் திறந்து வச்ச அதே வெஸ்லியன். அங்க வயலின் எல். சங்கரும், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவனும் இருந்தாங்க. தபேலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம். இவங்க சேர்ந்ததுதான் சக்தி. முதல் ஆல்பம் 1975 ஜூலை 5 அன்னைக்கு நியூயார்க் மாநிலத்துல ஒரு கல்லூரிக் கச்சேரியில நேரடியாப் பதிவாகி 1976-ல் வெளியாச்சு. மின்சார கிட்டாரை வச்சுட்டு மரக் கிட்டாரைக் கையில எடுத்திருந்தார். ஃப்ரெட்டுக்கு நடுவுல மரத்தைக் குழிவாச் செதுக்கி, வீணை மாதிரி கமகம் இழுக்க வாகா வச்சிருந்தார். துளைக்கு மேல சாய்வா ஏழு தனித் தந்திகள் வேற.

ஆனா எனக்குப் பெரிய மாற்றமாத் தெரியுறது மரத்துல இல்ல, தாளத்துல. ராக் இசையில 'கஷ்டமான தாளம்'னா பாட்டையே ஏழுலயோ ஒன்பதுலயோ எழுதிடுவாங்க. சாலையே கோணல், வண்டி நேராப் போகும். நம்ம முறை தலைகீழ். சாலை நேர், அதே ஆதி தாளம். வண்டி அதுக்குள்ள அஞ்சுலயும் ஏழுலயும் வளைஞ்சு நெளிஞ்சு போய், சமத்துல டக்குனு வந்து நிக்கும். நிக்கிற அந்த நொடியில கேக்குறவனுக்கு வர்ற சிலிர்ப்பு இருக்கே, அதை கிட்டாருக்குக் கொண்டு போனது சக்தி. அவங்களோட ரெண்டாவது ஆல்பம் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' (1976). அதோட முதல் உருப்படியே வாயால சொல்ற சொற்கட்டுலதான் தொடங்கும். ராக் ஆல்பம் வாங்க கடைக்குப் போன அமெரிக்கப் பையன் காதுல கொன்னக்கோல் விழுந்தது இப்படித்தான்.

நீங்களே போட்டுப் பாக்க ஒரு கோர்வை

சும்மா கதை மட்டும் கேட்டா எப்படி? ஆதி தாளம், ஒரே ஆவர்த்தனம், 32 மாத்திரை. கிட்டார்ல ஒரே தந்தி போதும்.

தகிடதகதிமி (7)
தகதகிட (5)
தகிட (3)
ததிங்கிணதொம் (5), ஒரு மாத்திரை விடுங்க
ததிங்கிணதொம் (5), ஒரு மாத்திரை விடுங்க
ததிங்கிணதொம் (5), அடுத்தது சமம்.

7+5+3 = 15. அப்புறம் 5+1+5+1+5 = 17. மொத்தம் 32. முதல் பாதி ஏழு, அஞ்சு, மூணுன்னு மாட்டு வால் மாதிரி சுருங்குது பாருங்க, அதுக்கு கோபுச்ச யதின்னு பேரு. ஒரே துண்டை மூணு தரம் சொல்லி சமத்துல விழுறதுக்கு மோரா, வடக்கே திஹாய்.

இதுல கிட்டார்காரங்களுக்கு ஒரு ரகசியம் இருக்கு. விடுற மாத்திரையிலயும் கையை நிறுத்தாம காத்துல ஒரு வீச்சு வீசுங்க. முதல் 15 முடிஞ்சு 16-வது அடி அப் ஸ்ட்ரோக். அஞ்சும் ஒண்ணும் ஆறு, இரட்டைப்படை. அதனால மூணு ததிங்கிணதொம்மும் அப் ஸ்ட்ரோக்லதான் ஆரம்பிக்கும். 32 முடிஞ்சு சமம் தானா டவுன் ஸ்ட்ரோக்ல வந்து விழும். கணக்கு சரின்னா கையும் சரியா வந்து சேரும்.

3x + 2y = 17. x என்பது சொல், y என்பது இடைவெளி. இதுக்கு x=3, y=4 கூட ஒரு விடை. நம்ம வித்வான்கள் இந்தச் சமன்பாட்டைப் பேப்பர் பேனா இல்லாம, வாசிச்சுக்கிட்டே, அடுத்த நொடியில தீர்க்கிறாங்க. நமக்கு இதுக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வேணும், ஹி ஹி.

திரும்பி வந்த கதை

சக்தி 1978 வாக்குல கலைஞ்சு, 1997-ல் 'ரிமெம்பர் சக்தி'ன்னு மறுபடி வந்துச்சு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார். கடத்துக்குப் பதிலா கஞ்சிரா, வாசிச்சது விக்குவோட மகன் செல்வகணேஷ். ஆமாங்க, 'வெண்ணிலா கபடிக்குழு' இசையமைப்பாளரேதான். மான்பூண்டியா பிள்ளை தெருவுல இருந்து மேடைக்குத் தூக்கிட்டு வந்த அதே கஞ்சிரா, இப்ப உலக மேடையில கிட்டார் பக்கத்துல உக்காந்துச்சு.

2007-ல் மக்லாஃப்ளினும் செல்வகணேஷும் சேர்ந்து 'தி கேட்வே டு ரிதம்'னு கொன்னக்கோல் பாடம் ஒண்ணை டிவிடியா வெளியிட்டாங்க. எந்த வாத்தியத்துக்காரருக்கும் பொதுவான பாடம். 2023-ல் வந்த சக்தியோட 'திஸ் மொமென்ட்' ஆல்பம் 2024 பிப்ரவரியில கிராமி வாங்குச்சு. அதே வருஷம் டிசம்பர்ல ஜாகிர் உசேன் காலமானார்.

நம்ம ஊரிலும் ஒருத்தர் தனியா இந்த வேலையைச் செஞ்சுக்கிட்டிருந்தார். ராணிப்பேட்டையில பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில கப்பல் கட்டுற பொறியியல் படிச்சு, அப்புறம் பாஸ்டன் பெர்க்லீக்குப் போன பிரசன்னா. குழிவு, கூடுதல் தந்தி எதுவும் இல்லாத சாதாரண எலக்ட்ரிக் கிட்டார்ல முழுக் கர்நாடகக் கச்சேரி செஞ்சவர். 2006-ல் ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையா 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்'னு நம்ம தாள வாத்தியங்களை வச்சு ஒரு ஆல்பம் போட்டார். இஞ்சினியரிங் படிச்சுட்டு கிட்டாரோட சுத்துற பசங்களைத் திட்டுற பெற்றோருக்கு அனுப்பி வைக்க நல்ல உதாரணம் :-)

சரி, இதுல என்ன பிரச்சினை?

கிட்டார்க்காரங்க இதைக் கத்துக்கிறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. வித்தை பரவட்டும். எனக்கு உறுத்துறது வேற ரெண்டு விஷயம்.

ஒண்ணு, பேர் காணாமப் போறது. இப்ப இணையத்துல கிடைக்கிற கிட்டார் பாடங்கள்ல தகதிமி இருக்கு, 'இந்தியன் ரிதம்'ங்கிற ஒட்டுச்சீட்டு இருக்கு. யார் கொடுத்ததுங்கிறது பெரும்பாலும் இல்ல. மக்லாஃப்ளினைக் குறை சொல்ல முடியாது. அவர் ஆல்பத்து அட்டையில எல்லார் பேரும் இருக்கு, அவங்களைப் பத்திப் பேசாத இடம் இல்ல. அவருக்குப் பின்னாடி வந்த நகல்கள்லதான் பேர் உதிர்ந்துடுச்சு. நம்ம தொழில்ல ஒருத்தர் எழுதின நிரலை எடுத்தா மேல அவர் பேரை விட்டு வைக்கணும்னு ஒரு மரியாதை உண்டில்லையா? தாளத்துக்கும் அது வேணும். இதுல நம்ம பங்கும் இருக்கு. மன்னார்குடி பக்கிரியா பிள்ளை மாதிரி மேதைகள் வளர்த்த கொன்னக்கோலுக்கு நம்ம சபாக்கள்லயே தனி இடம் சுருங்கித்தான் போச்சு. வெளிநாட்டுக்காரன் கை தட்டினப்புறம் நாம திரும்பிப் பாக்குறோம்.

ரெண்டாவது இன்னும் கிட்டத்துல இருக்கு. இந்தக் கதையோட வேர்ல நிக்கிறவர் ஒரு தவில்காரர். அவர் சிஷ்யர் கையில எடுத்தது தெருவுல கிடந்த ஒரு தோல் வாத்தியம். ஒவ்வொரு படியிலயும் 'மேடைக்குத் தகுதியில்லாத' ஏதோ ஒண்ணு மேடை ஏறினதாலதான் கிட்டார் வரைக்கும் இந்தக் கணக்கு வந்து சேர்ந்துச்சு. கொங்குல சித்திரை, வைகாசி வந்தா மாரியம்மன் நோன்பு சாட்டி, கம்பம் நட்டு, அதைச் சுத்தி ராத்திரி பூரா ஆடுவாங்க. அந்த ஆட்டத்துக்குப் பறை அடிக்கிறவருக்குச் சாமிச்சாட்டுக்கு ஒரு அடி, வாழ்த்துக்கு ஒரு அடி, மாரடிப்புக்கு ஒரு அடின்னு பேர் வச்ச அடிகள் உண்டு. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் சலகெருது ஆட்டத்துக்கு உறுமி இழுக்கிறதைக் கேட்டிருக்கீங்களா? அந்த இழுப்பைக் கிட்டார்ல கொண்டு வரச் சொன்னா நம்மாளு முழி பிதுங்கிடும்.

வள்ளி கும்மியில நூத்துக்கணக்கான பேர் ஒரே வட்டத்துல கையும் காலும் தப்பாம சுத்துறாங்க. அதைக் காலமெல்லாம் சொல்லிக் கொடுத்த மேட்டுப்பாளையம் பக்கத்து பத்திரப்பன் அய்யாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க, சந்தோசம். ஆனா பறையடிக்கிறவரை வாத்தியாரா வச்சு, தட்சணை வச்சு, 'இந்த அடியை எனக்குச் சொல்லிக் கொடுங்க'ன்னு கேக்குறது இன்னும் நம்ம ஊர்ல அபூர்வம். காரணம் தாளம் இல்ல, ஜாதின்னு எல்லாருக்கும் தெரியும். கிட்டார் வகுப்புக்கு மாசாமாசம் பணம் கட்டுறோம். பறைக்காரருக்குத் திருவிழா முடிஞ்சதும் கூலி கொடுத்து அனுப்பிடுறோம். 'அட்வான்ஸ்டு'ங்கிற பட்டத்தைக் கணக்கு பாத்துக் கொடுக்கிறோமா, ஆள் பாத்துக் கொடுக்கிறோமா?

மான்பூண்டியா பிள்ளை காலத்துல விளக்கேத்துறவருக்குத் தவில்காரர் சொல்லிக் கொடுத்தார், அவர் கத்துக்கிட்டார். யார்க்‌ஷயர்ல இருந்து வந்தவர் தரையில உக்காந்து வீணை கத்துக்கிட்டார். ரெண்டு பேருமே, எதிர்ல இருக்கிறவருக்கு நமக்குத் தெரியாத ஒண்ணு தெரியும்னு ஒத்துக்கிட்டவங்க. கிட்டார்ல அடுத்த புது தாளம் வேணும்னா அதைத் தேடி கனெக்டிகட் போக வேண்டியதில்லீங்க. அடுத்த நோன்புக்குக் கம்பத்துப் பக்கம் போய் நின்னு, அடிக்கிறவர் பேரைக் கேட்டு வச்சுக்கிட்டா போதும்.

டிஸ்கி: கோர்வையைப் போட்டுப் பாத்தவங்க சமம் வந்துச்சா இல்லையான்னு சொல்லுங்க. வரலைன்னா முதல் ஏழை மெதுவா வாயால சொல்லிட்டுத் திரும்ப ஆரம்பிங்க. கும்மி அடிக்கிறவங்க தாளத்தோட அடிங்க :-)